நாட்டு நாய்களின் வெளிப்புற உருவப்படம்: ஒளியும் சட்டக அமைப்பும்

நாயின் உருவப்படத்தைத் திறந்தவெளியில் எடுப்பது பற்றிய கையேடுகள் பெரும்பாலும் ஒளியை ஓர் அதிகாரமாகவும் சட்டக அமைப்பை மற்றோர் அதிகாரமாகவும் பிரித்தே பேசுகின்றன. சட்டக அமைப்பு என்பது படத்தின் நான்கு விளிம்புகளுக்குள் எது எங்கே இடம்பெற வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்ற தீர்மானம். ஒளியமைப்பு என்பது அந்த விளிம்புகளுக்குள் எது துலங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்ற தீர்மானம். ஏட்டில் இரண்டாக இருக்கும் இவை களத்தில் ஒரே கேள்வியாகவே எதிர்ப்படுகின்றன: நாய் எங்கே நிற்பது, எந்தத் திசையைப் பார்த்து நிற்பது, படமெடுப்பவர் அதற்கு எந்தப் பக்கத்தில், எவ்வளவு தள்ளி அமர்வது.

மேலும், புழக்கத்தில் உள்ள விதிகளில் பல, வெயில் ஆண்டு முழுவதும் சாய்வாகவே விழும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், கோல்டன் ரெட்ரீவர் போன்ற நீள்முடி இனங்களை முன்னிறுத்தி உருவானவை. தமிழ்நாட்டின் நாட்டு இனங்களான இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை குட்டை முடியும் இறுகிய உடலும் கொண்டவை. அவற்றுள் ஒன்று வெள்ளை, ஒன்று பெரும்பாலும் வெளிர் பழுப்பு, ஒன்று கருமையில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்டது, ஒன்று செவலை. அவை வாழும் நிலத்திலோ சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. ஆகவே பொது விதிகளுள் எவை இங்கே செல்லுபடியாகும், எவை திருத்தப்பட வேண்டும் என்பதை இந்நான்கு இனங்களை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வது பயன்தரும்.

ஓவியம் விட்டுச்சென்ற பாடம்

நாயை மனிதருக்கு இணையான உருவப்படப் பொருளாக ஏற்கும் வழக்கம் ஒளிப்படக் கருவிக்கு முந்தியது. ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1780ஆம் ஆண்டையொட்டி வரைந்த, படகில் நிற்கும் வெள்ளைப் பூடில் நாயின் ஓவியம் இன்று வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. வெள்ளை நாயை வெள்ளையாகக் காட்டுவதற்கு அவர் அதை மேலும் வெளுப்பாக்கவில்லை. பின்னணியில் இருண்ட இலைத்திரளை வைத்து, அந்த இருட்டின் மீது வெள்ளை தானாக எழும்படி செய்தார். ஒளியும் அமைப்பும் ஒரே முடிவில் கலந்து நிற்பதற்கு இது பழைய சான்று.

இருபதாம் நூற்றாண்டில் எலியட் எர்விட் மற்றொரு பாடத்தைச் சேர்த்தார். 1974இல் நியூயார்க்கில் அவர் எடுத்த புகழ்பெற்ற படத்தில் ஒரு பெண்ணின் காலணிகளும், ஒரு பெரிய நாயின் முன்னங்கால்களும், அவற்றின் அருகே தொப்பியணிந்த ஒரு சிறு சிவாவா நாயும் மட்டுமே தெரிகின்றன. கருவி சிவாவாவின் கண்மட்டத்துக்கு இறக்கப்பட்டதால், சட்டகத்தில் முழு உருவம் பெற்ற ஒரே உயிர் அந்தச் சிறு நாயே ஆகிவிட்டது. எங்கிருந்து பார்ப்பது என்பதே யார் முதன்மை என்பதைத் தீர்மானிக்கிறது என்ற இந்த உண்மை, நாயின் உருவப்படத்துக்கு இன்றும் அடித்தளமாக இருக்கிறது.

வெயிலின் பாதை

சூரியன் தொடுவானத்தை ஒட்டி நிற்கும்போது அதன் ஒளி வளிமண்டலத்தில் நீண்ட தொலைவு பயணம் செய்வதால் நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. அவ்வொளி பக்கவாட்டில் வருவதால் நிழல்களும் நீண்டு மென்மையாகின்றன. மேலைக் கையேடுகள் இதைப் ‘பொன்னான ஒரு மணி நேரம்’ என்று அழைக்கின்றன. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எல்லா ஊருக்கும் ஒரே நீளமுடையதன்று. இரவும் பகலும் சமமாக இருக்கும் நாள்களில், சூரியன் தொடுவானத்திலிருந்து 6 பாகை உயர்வதற்கு இலண்டனில் ஏறக்குறைய 40 நிமிடங்கள் ஆகின்றன. இராஜபாளையத்தில் 25 நிமிடங்களே ஆகின்றன. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சூரியன் செங்குத்தாக எழுந்து செங்குத்தாக இறங்குவதே காரணம். ஆகவே தென் தமிழகத்தில் இளவெயிலை நம்பிப் படமெடுக்க வருபவர், வெயில் வந்தபின் இடம் தேடாமல், இடத்தை முதல்நாளே பார்த்து வைத்து, விடியும் முன்பே நாயோடு அங்கே இருப்பது அவசியமாகிறது.

நில அமைப்பு இந்தக் கணக்கை மேலும் சுருக்குகிறது. இராஜபாளையமும் கோம்பையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தவை; அங்கே மாலைச் சூரியன் தொடுவானத்தை எட்டும் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடுவதால், நாள்காட்டி குறிக்கும் மறைவு நேரத்துக்கு முன்பாகவே நேரடி வெயில் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு எஞ்சுவது மலைநிழலில் விழும் வானொளி. அது நீளமானது, மென்மையானது, ஆனால் மஞ்சளற்றது. இவ்வூர்களில் பொன்னிற ஒளி வேண்டுவோர் காலையையும், அமைதியான நீலச்சாயல் ஒளி வேண்டுவோர் மாலையையும் தேர்ந்துகொள்வதே பொருத்தம்.

உச்சிவெயில் இதற்கு நேர்மாறானது. சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும், இராஜபாளையத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நிழலில்லா நாள்கள் வருகின்றன. அந்நாள்களை ஒட்டிய வாரங்களில் நண்பகல் ஒளி நாயின் முதுகை மட்டும் சுட்டுவிட்டு, கண்குழியையும் தாடைக்கீழ்ப் பகுதியையும் வயிற்றையும் இருட்டில் விடுகிறது. புருவ எலும்பின் நிழலில் கண் மறைந்த உருவப்படத்தை எந்தத் திருத்தமும் முழுமையாக மீட்காது. இதற்கு மாறாக, வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானத்தை மூடும் மேகம், சூரியன் என்ற சிறு ஒளிமூலத்தை வானளவு விரிந்த ஒளிமூலமாக மாற்றித் தருகிறது. ஒளிமூலம் நாயை நோக்க எவ்வளவு பெரியதோ நிழலின் விளிம்பு அவ்வளவு மென்மையாகும் என்பது ஒளியியலின் அடிப்படை விதி. மேகமூட்டத்தில் நாள் முழுவதும் படமெடுக்க முடிவதற்கு இதுவே விளக்கம்.

நிழலைத் தேர்ந்தெடுத்தல்

வெயிலில் படமெடுக்க இயலாத நேரத்துக்கு நிழலே வழி என்பது எளிதில் தோன்றும் விடை. ஆயினும் எல்லா நிழலும் ஒன்றன்று. வேம்பு, புளி முதலிய மரங்களின் அடியில் இலையிடுக்குகள் வழியே விழும் வெயில்துளிகள் நாயின் உடலில் திட்டுத்திட்டாகப் படிந்து, முகத்தின் வடிவத்தையே குலைத்துவிடுகின்றன. செவலை நிறக் கோம்பையின் மீது அவை புள்ளிகளாகவே தோன்றி, இல்லாத நிறத்தை இருப்பதாகக் காட்டுகின்றன. வீட்டின் உட்புற இருட்டோ எத்திசையிலிருந்தும் ஒளி வராத தட்டையான நிழலைத் தருகிறது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே ‘திறந்த நிழல்’ எனப்படுவது: தலைக்கு மேல் கூரை இருக்க, முகத்துக்கு எதிரே திறந்த வானம் விரிந்திருக்கும் இடம். தாழ்வாரம், திண்ணை, மாட்டுக் கொட்டிலின் வாய் ஆகியவை இவ்வகையின. கூரை மேலிருந்து வரும் ஒளியைத் தடுப்பதால் ஒளி முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் மட்டுமே வருகிறது; நாய் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு அடி உள்ளே, முற்றத்தைப் பார்த்து நிற்கும்போது, அந்த வானத்தின் துண்டு அதன் கண்ணில் ஒரு வெண்புள்ளியாகப் பிரதிபலிக்கிறது. கண்ணொளி எனத்தக்க இந்தப் புள்ளியே கரும்பழுப்புக் கண்ணுக்கு உயிர் தருவது. நாய் தலையைக் குனிந்தால் அது மறைவதும், சற்றே நிமிர்ந்தால் தோன்றுவதும் கவனிக்கத்தக்கவை. எனவே படமெடுப்பவர் நாயின் பார்வையைத் தம் தலைக்குச் சற்று மேலாக ஈர்ப்பது கண்ணின் ஒளிக்கும் உதவுகிறது. உருவம் இருட்டான உட்பகுதியின் பின்னணியில் அமைந்துவிடுவதால், ஸ்டப்ஸ் இலைத்திரளால் செய்ததைத் தாழ்வாரம் செலவின்றிச் செய்து கொடுக்கிறது. கன்னி நாய்க்கு மட்டும் இப்பின்னணி ஒவ்வாது. அதன் கருமுதுகு இருட்டில் கரைந்துவிடும்.

தரையும் ஓர் ஒளிமூலமே. வெயில் படும் மணற்பரப்பும் சுண்ணாம்பு பூசிய சுவரும் ஒளியைத் திருப்பியனுப்பி நாயின் தாடைக்கீழ் நிழலை நிரப்புகின்றன. சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தின் கரிசல் மண் அதை விழுங்கிவிடுகிறது. செம்மண் திருப்பியனுப்பும் ஒளியோ செஞ்சாயலோடு வருகிறது. புல்வெளியில் நிற்கும் வெள்ளை இராஜபாளையத்தின் வயிற்றிலும் தாடையிலும் பச்சை படர்வது பலரையும் குழப்பும் குறை. அது கருவியின் பிழையன்று, புல்லின் பிரதிபலிப்பு. கரிசல் நிலத்தில் வெள்ளைத் துணியோ சுருட்டி விரிக்கும் ‘ரிஃப்ளெக்டர்’ எனும் ஒளித்தட்டோ நாயின் முன் தரையில் கிடத்தப்படுவது, மண் விழுங்கிய ஒளியை ஈடுசெய்கிறது. ஆனால் வெயிலை நேராகக் கண்ணுக்குள் திருப்பும் வெள்ளிநிறத் தட்டு நாயைக் கண்கூசச் செய்யும் என்பதால் வெண்ணிறத் தட்டே ஏற்றது.

தோலின் நிறமும் ஒளியளவும்

கருவியில் உள்ள ஒளிமானி, தான் காணும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்ற அனுமானத்தில் இயங்குகிறது. அந்தச் சாம்பல் விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் பரப்பு என வழக்கமாகக் கொள்ளப்படுகிறது. இதன் விளைவாகச் சட்டகத்தை நிறைக்கும் வெள்ளை நாயைக் கருவி சாம்பலாக இருட்டாக்குகிறது. கறுப்பு நாயைச் சாம்பலாக வெளுப்பாக்குகிறது. ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1939–40 காலத்தில் வகுத்த மண்டல முறை இதற்குத் தெளிவான விடை தருகிறது. அம்முறை முழு இருட்டிலிருந்து முழு வெண்மை வரையிலான தொடரைப் படிகளாகப் பிரித்து, ஐந்தாம் மண்டலத்தை நடுச்சாம்பலாகவும், மூன்றாம் மண்டலத்தை இழைநயம் தெரியும் இருட்டாகவும், ஏழாம் மண்டலத்தை இழைநயம் தெரியும் வெளிச்சமாகவும் கொள்கிறது. ஒவ்வொரு படியும் ஒரு ‘ஸ்டாப்’, அதாவது ஒளியை இருமடங்காக்கும் அல்லது பாதியாக்கும் அளவு.

இதன்படி, இராஜபாளையத்தின் வெள்ளைத் தோலை மட்டும் புள்ளியளவையில் அளந்தால், கிடைத்த அளவிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் கூட்டுவதும், கன்னியின் கருந்தோலை அளந்தால் இரண்டு ஸ்டாப் குறைப்பதும் உரிய நிறத்தைத் தரும். முழுக் காட்சியையும் சராசரியாக அளக்கும் முறையிலோ திருத்தம் பின்னணியைப் பொறுத்துத் தலைகீழாகவும் மாறலாம்; இருண்ட பின்னணியில் சிறிதாகத் தெரியும் வெள்ளை நாயைக் கருவி வெளுத்துப்போகச் செய்துவிடும். வெள்ளைத் தோலில் ஒருமுறை இழந்த இழைநயம் திரும்பாது என்பதால், வெளுத்த பகுதிகளை மினுக்கிக் காட்டும் எச்சரிக்கை வசதியையும், ஒளியளவுகளின் பரவலை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமையும் பார்த்துக்கொண்டே எடுப்பது பாதுகாப்பு. கன்னியின் கருந்தோலிலோ, ஒளியைக் கூட்டுவதைவிட ஒளியின் திசையை மாற்றுவதே பயன் தரும். வானொளி சாய்ந்து விழும்போது தோலின் பளபளப்பே தசையின் வடிவை வரைந்து காட்டுகிறது.

ஒளியின் திசை பற்றிய பொதுவிதி ஒன்றும் இங்கே திருத்தம் பெறுகிறது. நாய்க்குப் பின்னால் சூரியனை வைத்து உடலைச் சுற்றிப் பொன்வளையம் எழச் செய்வது உலகெங்கும் விரும்பப்படும் பாணி. அந்த வளையம் நீள்முடியின் நுனிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பிறப்பது. குட்டை முடி நாய்க்கு அது மெல்லிய கோடாகவே நின்றுவிடுகிறது. நாட்டு இனங்களின் அழகு வேறிடத்தில் இருக்கிறது: ஆழ்ந்த மார்பிலும் உள்வாங்கிய வயிற்றிலும் நீண்ட கழுத்திலும். இவ்வடிவங்களைத் துலக்குவது பக்கவெயில். பின்னொளி பயன்படும் ஒரே இடம் இராஜபாளையத்தின் காதுமடல். மெல்லிய தோலை ஊடுருவும் ஒளி அதை இளஞ்சிவப்பாக ஒளிரச் செய்கிறது.

தொலைவும் கூர்மையும்

அகல்கோண லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் உருவின் விகிதத்தை மாற்றுவது தொலைவே. அகல்கோண லென்ஸ் படமெடுப்பவரை நாயின் முகத்தருகே இழுத்துச் செல்வதால், மூக்குக்கும் கண்ணுக்கும் இடையிலான தொலைவு வேறுபாடு மிகைப்பட்டுத் தெரிகிறது. நீண்ட முகமுடைய சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் இக்குறை இருமடங்கு உறுத்தும். 85 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸ்களோடு மூன்று, நான்கு மீட்டர் தள்ளி அமர்வது முகவெட்டைக் காக்கிறது.

நீண்ட முகம் மற்றொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. முழுச்சட்டக உணரி கொண்ட கருவியில் 200 மி.மீ. லென்ஸை எஃப் 2.8 ஒளித்துளையில் வைத்து மூன்று மீட்டர் தொலைவில் குவித்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 3.5 செ.மீ. மட்டுமே. நாய் நேரெதிரே பார்க்கும்போது கண் கூர்மையாக இருந்தால் மூக்கு மங்கிவிடுகிறது. எஃப் 5.6க்குச் சுருக்கினால் அவ்வாழம் இருமடங்காகிறது. முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் கண்ணும் மூக்கும் ஏறத்தாழ ஒரே தொலைவுக்கு வந்துவிடுகின்றன. பின்னணியை மங்கவைக்க ஒளித்துளையை அகலத் திறப்பது ஒன்றே வழியன்று. நாயைச் சுவரிலிருந்தோ வேலியிலிருந்தோ பத்து மீட்டர் முன்னே கொண்டுவருவதும் அதையே செய்கிறது. 2019இல் சோனி நிறுவனம் விலங்குகளின் கண்ணைத் தானே கண்டறிந்து குவிக்கும் வசதியை அறிமுகப்படுத்தியது முதல், குவிப்பதில் தவறுவது குறைந்துள்ளது. அமர்ந்திருக்கும் நாய்க்கு விநாடியில் 250இல் ஒரு பங்கும், ஓடும் நாய்க்கு 1000இல் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆன ஷட்டர் நேரமும் பொதுவாகப் போதும்.

சட்டகத்துக்குள் நாய்

சட்டகத்தை நெட்டாகவும் கிடையாகவும் மும்மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் முதன்மைப் பொருளை வைக்கும் மூன்றிலொரு பங்கு விதி, ஜான் தாமஸ் ஸ்மித் 1797இல் நிலக்காட்சி ஓவியம் பற்றி எழுதிய நூலில் பெயர்பெற்றது. நிலக்காட்சிக்குப் பிறந்த விதி நாய்க்குப் பொருந்துவது, நாய் ஏதேனும் ஒரு திசையைப் பார்க்கும்போது மட்டுமே. அப்போது பார்வை செல்லும் பக்கத்தில் வெற்றிடம் விடுவது படத்துக்கு மூச்சுவிட இடம் தருகிறது. நாய் நேராக லென்ஸைப் பார்க்கும்போது கண்களை நடுவில் வைப்பதே வலிமை.

தவிர்க்க வேண்டியவை தெளிவானவை. தொடுவானக் கோடு கழுத்தைக் குறுக்கே வெட்டக் கூடாது. மூட்டிலோ பாதத்திலோ சட்டகம் முடியக் கூடாது. தலைக்குப் பின்னால் கம்பமோ பனையோ முளைத்தாற்போல் தோன்றக் கூடாது. கருவி நாயின் கண்மட்டத்தில் இருப்பது பொதுவிதி. மார்பு மட்டத்துக்கு மேலும் தாழ்ந்தால் நாய் வானத்தின் மீது எழுகிறது. வெளிர்வானத்தின் மீது கன்னியின் கருவடிவம் துலங்கும், ஆனால் இராஜபாளையம் கரைந்துவிடும். நிறத்தேர்விலும் இவ்வாறே: காய்ந்த புல்லில் சிப்பிப்பாறை மறைகிறது, பசுமையில் எடுபடுகிறது, செவலைக் கோம்பைக்கு நெல்வயலின் பச்சை ஏற்ற எதிர்நிறம்.

இனப் பதிவுக்கான படத்தையும் உருவப்படத்தையும் வேறுபடுத்திக் காண்பதும் தேவை. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவற்றுள் இராஜபாளையமும் ஒன்று. இனத்தை அடையாளம் காட்டும் படம் நான்கு கால்களும் வாலும் முதுகுக் கோடும் தெரியப் பக்கவாட்டில் நிற்கும் தோற்றத்தைக் கேட்கிறது. உருவப்படமோ அந்த ஒரு நாயின் இயல்பைக் கேட்கிறது. அங்கே கழுத்துப்பட்டையின் தழும்பும் காதின் கிழிசலும்கூட மறைக்கத்தக்கவை அல்ல.

நாயின் பார்வையும் பொறுமையும்

நாயின் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் இரு வகையே உண்டு என்பதை ஜே நெய்ட்ஸ், திமோதி கைஸ்ட், ஜெரால்ட் ஜேக்கப்ஸ் ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நீலமும் மஞ்சளும் நாய்க்கு நன்கு பிரிந்து தெரிய, சிவப்பும் பச்சையும் குழம்புகின்றன. ஆதலால் புல்வெளியில் அதன் பார்வையை ஈர்க்கச் சிவப்புப் பந்தைவிட நீலப் பந்து உதவும். வெள்ளைத் தோலுடைய நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை மிகுதியாகக் காணப்படுவதும் இராஜபாளையத்தில் அது அறியப்பட்டிருப்பதும் மற்றொரு குறிப்பு. சீழ்க்கைக்குத் திரும்பாத நாயை முரட்டு நாய் என்று எண்ணாமல் கையசைவால் அழைப்பது முறை.

பெரிய லென்ஸ் நாய்க்கு உற்றுநோக்கும் கண்ணாகவே தோன்றக்கூடும். உதட்டை நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்பி விழிவெண்மை தெரியப் பார்த்தல் ஆகியவை அதன் அச்சத்தின் குறிகள்; அவை தோன்றியபின் எடுக்கும் படத்தில் நல்ல ஒளியும் வீணாகிறது. நாய் உடற்சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே தணிப்பதால், வெயில் ஏறியபின் நாக்கு நீண்டு தொங்கி முகத்தோற்றமே மாறிவிடும். புறங்கையைத் தரையில் சில விநாடிகள் வைக்க முடியாத சூட்டில் நாயை நிறுத்துவது கொடுமை. நல்ல ஒளியின் நேரமும் நாய்க்கு உகந்த நேரமும் ஒன்றாகவே அமைந்திருப்பது இக்கலையின் நற்பேறு.

செயற்கை ஒளியும் பின்திருத்தமும்

பகல்வெளியில் ஃபிளாஷ் பயன்படுத்துவோர், பெரும்பாலான கருவிகளில் ஷட்டர் நேரம் விநாடியின் 200 அல்லது 250இல் ஒரு பங்குக்குக் கீழே செல்லும்போது ஃபிளாஷ் சட்டகம் முழுவதும் படியாது என்பதையும், அதைக் கடக்க மிகைவேக ஒத்தியக்க வசதி தேவை என்பதையும் அறிந்திருப்பர். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருப்பதால், லென்ஸுக்கு அருகிலிருந்து பாயும் ஃபிளாஷ் அந்தியிலும் இருட்டிலும் கண்ணைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியச் செய்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் விலக்குவது இதைத் தவிர்க்கும். பின்திருத்தத்தில் கழுத்துச் சங்கிலியை நீக்குவதும், தாடையில் படர்ந்த பச்சையைக் குறைப்பதும் ஏற்கத்தக்கவை; தோலின் நிறத்தையே மாற்றுவது அந்த நாயின் படத்தை வேறொரு நாயின் படமாக்கிவிடுகிறது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், நாட்டு நாய்களின் உருவப்படத்தை மேம்படுத்துவது விலையுயர்ந்த கருவியைவிட இடத்தேர்வே என்ற முடிவு உறுதிப்படுகிறது: இராஜபாளையத்துக்குத் தாழ்வாரத்தின் இருட்டும், கன்னிக்கு வெளிர்ந்த வானமும், சிப்பிப்பாறைக்குப் பசுமையும் பக்கவெயிலும், கோம்பைக்குத் திட்டில்லாத நிழலும் முதல் தேவைகள். இவை அயல்நாட்டுக் கையேட்டில் கிடைப்பன அல்ல. ஊருக்கு ஊர் மலையும் மண்ணும் மாறுவதால் ஊரிலேயே கண்டறிய வேண்டியவை. நாய் வளர்ப்போரும் ஒளிப்படக் கலைஞரும் தாம் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் நேரம், திசை, தரை என்ற மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், ஓராண்டுக்குள் அவ்வூருக்கே உரிய ஒளிக்கையேடு ஒன்று அவர்கள் கையில் இருக்கும்.